தனிமைச் சாவும் யப்பானியச் சமுதாய வரலாறும்

2000ஆம் ஆண்டிலே, தோக்கியோ நகருக்கு அயலிலுள்ள மற்சுடோ என்னும் ஊரில், தொக்கிவாதைரா தொடர்மாடிக் குடியிருப்பின் ஒரு வீட்டுக் கதவு திறக்கப்பட்டது. அவ்வீட்டிற் குடியிருந்தவர் 69 வயதான ஒருவர். வாடகை நிலுவையாகிவிட்டது என்பதனாலேயே அதிகாரிகள் அங்கு வந்தனர். உள்ளே அவர்கள் கண்டது ஓர் என்புக்கூடு. அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த மூன்று ஆண்டுகளும் வாடகையும் பிற கட்டணங்களும் அவரது வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தாமாகவே கழிக்கப்பட்டு வந்தன. சேமிப்புத் தீர்ந்த பின்னரே அம்மனிதர் இல்லை என்பது தெரியவந்தது. பணம் இருந்தவரை அவர் கணக்கில் உயிரோடிருந்தார். பணம் தீர்ந்தபோதுதான் இறந்தார்.

இச்செய்தியை நாம் உயர்தர வகுப்பொன்றிற் கூறியபொழுது மாணவி ஒருத்தி உடனே கேட்டாள்: "அவருக்குப் பிள்ளைகள் இல்லையோ, சேர்?" நம்மவருள் எவரும் முதலிற் கேட்கக்கூடிய கேள்வி அதுவே. அக்கேள்வியினுள்ளே ஒரு விடையும் அடங்கியிருக்கின்றது. பிள்ளைகள் இருந்தால் இப்படி நேராது. இருந்தும் நேர்ந்ததாயின் பிள்ளைகள் கெட்டுவிட்டனர் என்பதே அவ்விடை. அன்று நாம் அவளுக்குத் திருப்தியான பதில் கூறவில்லை. இக்கட்டுரை அவளுக்கு நாம் பட்ட கடன்.

இவ்வாறு எவரும் அறியாது ஒருவர் தம் வீட்டிலேயே இறந்து கிடப்பதை யப்பானியர் 'கோடோகுஷி' என்பர். தனிமைச் சாவு என அதனைத் தமிழாக்கலாம். 1970ஆம் ஆண்டுகளிலேயே அந்நாட்டுப் பத்திரிகைகளில் இடம்பெறத் தொடங்கிய இச்சொல் இன்று சட்டத்தையும் ஆட்சியையும் தொட்டு நிற்கின்றது. யப்பானியப் பொலிஸ் திணைக்களம் முதன்முறையாக முழு ஆண்டுக்கும் எடுத்த கணக்கின்படி, 2024ஆம் ஆண்டில் தனியே வாழ்ந்து தம் வீட்டில் இறந்தோர் 76,020 பேர். இவர்களுள் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 58,044 பேர். இத்தொகை முழுவதும் கைவிடப்பட்டோர் தொகையன்று. பலர் அன்றோ மறுநாளோ கண்டெடுக்கப்பட்டவர்கள். ஆயினும் எட்டு நாளோ அதற்கு மேலோ எவரும் அறியாது கிடந்தவர்கள் 21,856 பேர் என அரசாங்கமே மதிப்பிட்டுள்ளது. ஒரு வாரம் முழுவதும் ஒரு மனிதரைத் தேடி எவரும் வரவில்லை என்பதே இவ்விலக்கத்தின் பொருள்.

இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் ஒன்றுண்டு. பழைய யப்பானில் மூத்தோரைப் பேணும் அறம் தழைத்திருந்தது; மேல்நாட்டு நாகரிகமும் தன்னலமும் அவ்வறத்தை அழித்தன; அதன் விளைவே தனிமைச் சாவு என்பர். இக்கூற்று கேட்பதற்கு இனியது. நமது மேடைகளிலும் இதனை ஒத்த பேச்சுக்களைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் இனிமையும் உண்மையும் ஒன்றல்ல. வரலாறு இக்கூற்றுக்கு எந்த அளவு இடந்தருகின்றது என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

முதலில் அந்தப் பொற்காலத்தை நோக்குவோம். 1898ஆம் ஆண்டின் மெய்ஜி குடியியற் சட்டம் யப்பானியக் குடும்பத்தை 'இயெ' எனப்படும் மனையமைப்பாக வகுத்தது. மனைத்தலைவனுக்கு அதிகாரம், மூத்த மகனுக்குச் சொத்து, அச்சொத்துடன் பெற்றோரைப் பேணும் கடனும் அவனுக்கே. ஆனால் அக்கடனைச் செயலில் நிறைவேற்றியவள் யார்? நோயுற்ற மாமியாருக்கு உணவூட்டியவளும், மாமனாரின் மலசலம் துடைத்தவளும் அவ்வீட்டின் மருமகளே. சொத்திலும் சொல்லிலும் அவளுக்குப் பங்கில்லை. இளைய ஆண்மக்களும் பெண்மக்களும் மனையை விட்டு வெளியேற வேண்டியவர்கள். ஏழைக் கமக்காரரின் புதல்வியர் முற்பணத்துக்கு ஈடாகப் பட்டாலைகளுக்கும் நூலாலைகளுக்கும் அனுப்பப்பட்டனர். அங்கே காசநோய் கண்டவர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டுப் பலர் இளமையிலேயே மாண்டனர். பழைய அறம் என்பது ஒருசிலரின் உழைப்பின்மீதும் மௌனத்தின்மீதும் நின்ற அறம் என்பதை மறத்தல் ஆகாது.

மேலும், அக்காலத்தில் முதுமை என்பதே அரிதாயிருந்தது. 1947இல் யப்பானிய ஆணின் சராசரி ஆயுள் 50 ஆண்டு. பெண்ணின் ஆயுள் 54. இன்றோ ஆணுக்கு 81, பெண்ணுக்கு 87. எண்பது வயது வரை எல்லோரும் வாழும் ஒரு சமுதாயம் எவ்வாறு தன் முதியோரைப் பேணுவது என்ற வினா பழைய குடும்பத்தின்முன் ஒருபொழுதும் எழுந்ததில்லை. எழாத வினாவுக்கு அது விடை கண்டிருந்தது எனப் புகழ்வதிற் பொருளில்லை.

இவ்விடத்தில் 'ஒபாசுத்தே' கதையை நினைவுகூரலாம். உணவில்லாத காலத்தில் முதியவளை மலையில் விட்டுவரும் வழக்கம்பற்றிய பழங்கதை அது. புக்கசவா ஷிச்சிரோ என்னும் எழுத்தாளர் 1956இல் வெளியிட்ட 'நராயாம' கதைக்கு இதுவே கரு. அது இருமுறை திரைப்படமாகவும் வந்தது. அப்படியொரு வழக்கம் நாடளாவ நிலவியதென்பதற்கு வரலாற்றுச் சான்றில்லை. ஆயினும், அறத்தையே உண்டு வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு மக்கட் கூட்டம் இத்தகைய கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது ஏன்? வறுமையில் ஒவ்வொரு வாய்க்கும் கணக்குப் பார்க்கப்படும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். அவ்வச்சமே கதையாயிற்று.

இரண்டாம் உலக யுத்தத்தில் யப்பான் தோற்றபின், 1947இல் மனையமைப்புச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. பெண்ணுக்கும் இளையோருக்கும் சமவுரிமை எழுத்தளவிலேனும் கிட்டியது. பழைமைவாதிகள் இதனையே கேட்டின் தொடக்கமாகக் காட்டுவர். ஆனால் ஒரு சட்டத்தை நீக்கியதால் மாத்திரம் கிழவர்கள் தனித்துப்போகவில்லை. 1980ஆம் ஆண்டளவிலும், முதியோர் வாழ்ந்த வீடுகளில் ஏறத்தாழ அரைவாசி மூன்று தலைமுறையினர் ஒருங்கு வாழ்ந்த வீடுகளாகவே இருந்தன. சட்டம் கட்டை அவிழ்த்தது உண்மை. அவிழ்த்த மனிதரை இழுத்துச் சென்ற விசை வேறு. அது மூலதனத்தின் விசை.

1950ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி தொடக்கம், ஒவ்வொரு வசந்த காலத்திலும் வடக்கு யப்பானின் கிராமங்களிலிருந்து விசேட புகையிரதங்கள் புறப்பட்டன. அவற்றில் ஏறியவர்கள் இடைநிலைப் பாடசாலையை முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகள். தோக்கியோவின் உவேனோ நிலையத்திலே தொழிற்சாலை முகவர்களும் கடைக்காரரும் அவர்களைப் பெயர் கூப்பிட்டுப் பொறுப்பேற்றனர். 'கூட்டு வேலைச் சேர்ப்பு' என அழைக்கப்பட்ட இம்முறை 1975 வரை நீடித்தது. மலிவான உழைப்பைத் தந்த அப்பிள்ளைகளை முதலாளிமார் 'பொன்முட்டைகள்' என்றனர். முட்டையைப் பெற்றுக்கொண்டவர்கள், அது பிறந்த கூட்டைப் பற்றி எண்ணினார்களில்லை. 1960இல் இக்கேதா அரசாங்கம் பத்தாண்டில் தேசிய வருமானத்தை இருமடங்காக்கும் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டில் மீக்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநீக்கத்தை எதிர்த்து மாதக்கணக்காகப் போராடித் தோற்றனர். எண்ணெய் வந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன, சுரங்கத்தைச் சூழ்ந்து வளர்ந்த ஊர்களும் கலைந்தன. அவ்வாறு சிதறியவர்களும், கிராமங்களில் நிலமற்றிருந்தவர்களும் பெருநகரங்களின் நாட்கூலிச் சந்தைகளை அடைந்தனர். தோக்கியோவின் சான்யா, ஒசாக்காவின் காமகசாக்கி ஆகியன அத்தகைய இடங்கள். 1964இன் ஒலிம்பிக் அரங்குகளையும், அதிவேக வீதிகளையும், 1970இன் ஒசாக்காக் கண்காட்சியையும் கட்டியெழுப்பிய கைகள் அங்கேயே தங்கியிருந்தன. அவர்களிற் பலருக்கு மணமில்லை, நிலையான முகவரியில்லை, போதிய ஓய்வூதியமுமில்லை. இத்தொழிலாளர் தனியாட்களாகவே தேவைப்பட்டனர், தனியாட்களாகவே வைத்திருக்கப்பட்டனர், தனியாட்களாகவே கிழவராயினர்.

நிலையான தொழில் கிடைத்தவர்களின் நிலை இதனினும் மேலானது. அவர்களுக்காக 1955இல் யப்பானிய வீடமைப்புக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அது நகரங்களின் ஓரத்தே 'டன்சி' எனப்படும் பெருந்தொடர்மாடிக் குடியிருப்புகளை எழுப்பிற்று. நாம் தொடக்கத்திற் கூறிய தொக்கிவாதைரா அவற்றுள் ஒன்று. 1960இல் மக்கள் குடியேறத் தொடங்கிய அக்குடியிருப்பில் ஏறத்தாழ 4,800 வீடுகள். புதுமணத் தம்பதியர் அவற்றுக்காகப் போட்டியிட்டனர். குழாய்நீர், தனிக் குளியலறை, மேசையிட்டு உண்ணும் சமையலறை, பூட்டக்கூடிய கதவு ஆகியன அன்று எல்லோருக்கும் வாய்த்தவையல்ல. மாமியாரின் கண்ணுக்கும் கட்டளைக்கும் அப்பால் வாழக் கிடைத்த அவ்வீடு இளம்பெண்ணுக்கு விடுதலையாகவே தோன்றிற்று. அதனை நாம் குறைகூறமாட்டோம். ஆனால் அவ்வீட்டின் அளவை நோக்குங்கள்: இரண்டு அறை, ஒரு சமையலறை. தொழிலாளி, அவன் மனைவி, நாளைய தொழிலாளிகளாகிய பிள்ளைகள் ஆகியோருக்கு மாத்திரமே அங்கு இடமுண்டு. வேலைக்கு உதவாத முதியவருக்குக் கட்டடப்படத்திலேயே இடம் வைக்கப்படவில்லை. அவ்விளந்தம்பதியரே ஒருநாள் முதியவராவர் என்பதும் படம் வரைந்தோர் நினைவில் இருக்கவில்லை போலும்.

கிராமத்தை இழந்த இம்மனிதருக்குப் புதிய கிராமமாய் அமைந்தது அவர் வேலைசெய்த கம்பனி. நண்பர் அங்கே, சங்கம் அங்கே, மாலையிற் குடிப்பதும் அவர்களுடனேயே, திருமணப் பேச்சுக்கூட மேலதிகாரியின் வழியாக நடப்பதுண்டு. காலையிற் போய் இரவில் வருபவருக்கு அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியவேண்டிய தேவை ஏற்படவில்லை. அக்காலத்திற் பெரும்பாலான கம்பனிகளில் 55 வயதில் ஓய்வு; பின்னர் அது 60 ஆயிற்று. ஓய்வுபெற்ற நாளன்று வேலை மாத்திரம் போகவில்லை, அக்கிராமம் முழுவதும் போயிற்று. தனிமைச் சாவு அடைவோருள் பெண்களிலும் ஆண்களே மிகுதியாக இருப்பதன் காரணங்களுள் ஒன்று இது எனலாம். பெண்ணுக்குச் சந்தையும் அயலும் பாடசாலை வாசலும் இருந்தன. ஆணுக்குக் கம்பனி ஒன்றே இருந்தது.

இனி, அரசு இத்தறுவாயில் யாது செய்தது என்பதைப் பார்ப்போம். ஒன்றும் செய்யவில்லை என்பது நேர்மையாகாது. 1961இல் மக்கள் அனைவருக்கும் சுகநலக் காப்புறுதியும் ஓய்வூதியமும் என்ற நிலை எட்டப்பட்டது. 1963இல் முதியோர் நலச் சட்டம் வந்தது. முற்போக்கு நகராட்சிகளின் முன்மாதிரியும் மக்களின் வற்புறுத்தலும் சேர்ந்து, 1973இல் 70 வயதானவர்க்கு இலவச வைத்தியத்தைப் பெற்றுத் தந்தன. அவ்வாண்டை 'பொதுநலத்தின் முதலாண்டு' என்றே அழைத்தனர். ஆனால் அதே ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை ஏறியது, பொருளாதாரம் தடுமாறியது, ஆட்சியாளரின் மொழியும் மாறியது. 1978இன் அரசாங்க வெள்ளை அறிக்கை, பெற்றோருடன் பிள்ளைகள் சேர்ந்து வாழும் வழக்கத்தைப் பொதுநலத்துறையின் 'கணக்கிற் காட்டாத சொத்து' என வருணித்தது. மேனாடுகளைப் போலன்றி, குடும்பமும் அயலும் தாங்கும் 'யப்பானிய முறையான பொதுநலச் சமுதாயம்' பற்றிய பேச்சு எழுந்தது. இலவச வைத்தியம் 1982இன் சட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

இங்கே நாம் சற்று நிற்றல் வேண்டும். இருபது ஆண்டுகளாகக் குடும்பத்தைக் கலைத்து உழைப்பைப் பிழிந்தெடுத்த ஓர் அமைப்பு, செலவுக் கணக்கு வந்தபொழுது குடும்பத்தைப் போற்றத் தொடங்கியது. அறம் என்ற சொல் அப்பொழுதுதான் அதற்கு நினைவு வந்தது. 'கணக்கிற் காட்டாத சொத்து' என்று சொல்லப்பட்டது உண்மையில் யாருடைய உழைப்பு? மீண்டும் அந்த மருமகளினுடையதே, மகளினுடையதே. பழைய பண்பாட்டைப் புகழும் குரல் எழும்போது, அதற்கான கூலியை யார் கொடுப்பது என்று கேட்பது நம் கடமை.

தனிமைச் சாவு முதுமையினால் மாத்திரம் நேர்வதன்று என்பதை 1995ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டிற்று. அவ்வாண்டு சனவரி 17ஆம் நாள் கோபே நகரையும் அயலையும் தாக்கிய பூமியதிர்ச்சியில் 6,434 பேர் மாண்டனர். வீடிழந்தோருக்காக ஏறத்தாழ 48,300 தற்காலிக வீடுகள் கட்டப்பட்டன. முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் முன்னுரிமை அளித்து, திருவுளச்சீட்டின் மூலம் அவ்வீடுகள் பங்கிடப்பட்டன. பார்வைக்கு இதைவிட நீதியான முறை வேறில்லை. ஆனால் ஒரே ஒழுங்கையில் நாற்பது ஆண்டு வாழ்ந்தவர்கள் சீட்டு விழுந்தபடி வெவ்வேறு திசைகளில் வீசப்பட்டனர். நகருக்கு வெகுதொலைவில், முன்பின் அறியாதவரின் நடுவே, நோயாளரும் முதியவரும் மாத்திரம் நிறைந்த வரிசை வீடுகள் தோன்றின. அத்தற்காலிக வீடுகளில் எவரும் அறியாது இறந்தோர் 233 பேர். பின்னர் நிரந்தர வீடுகளுக்கு மாறிய பிறகும் அத்தகைய சாவு நின்றபாடில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கும் அவ்வாறே இறந்தனர்.

அத்தற்காலிகக் குடியிருப்பு ஒன்றிலே வைத்தியசாலை அமைத்துப் பணிபுரிந்த வைத்தியர் நுக்காதா இசாவோ, 1999இல் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். அவர் கண்டறிந்த உண்மை நம் சிந்தனைக்குரியது. அவர் பார்வையில் தனிமைச் சாவு என்பது வெறுமனே துணையின்றி இறத்தல் அன்று. குறைந்த வருமானம், நாட்பட்ட நோய், சமூகத்திலிருந்து முற்றாக ஒதுங்கிய நிலை, தாழ்ந்த வாழிடம் ஆகிய நான்கும் ஒரு மனிதர்மேல் ஒருங்கே வந்து கவிந்த இடத்தில் நேரும் சாவு அது. அவ்வாறு இறந்தவர்களுள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருந்த, வேலையிழந்த, குடிக்கு அடிமையான ஆண்கள் பலர். அவர்கள் தள்ளாத கிழவர்களல்லர். சமுதாயம் இனி வேண்டாமென்று கணக்குத் தீர்த்துவிட்ட உழைப்பாளிகள்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் அந்நாட்டிலேயே உண்டு. 2004 ஒக்டோபரில் நீகாத்தா மாகாணத்தில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியில் யமகோசி என்ற மலைக்கிராமத்தின் மக்கள், ஏறத்தாழ இரண்டாயிரம் பேர், முழுவதுமாக வெளியேற்றப்பட்டனர். கோபேயின் பாடம் அப்போது நினைவில் இருந்தது. நகவோக்கா நகரில் அவர்களுக்கு வீடுகள் அளிக்கப்பட்டபொழுது திருவுளச்சீட்டு இல்லை. ஒவ்வொரு குறிச்சியினரும் ஒருங்கு வாழும்படி வீடுகள் ஒதுக்கப்பட்டன. நேற்று வரை யார் அயலவரோ அவரே இன்றும் அயலவர். இரண்டு இடங்களிலும் வாழ்ந்தவர் யப்பானியரே. இரண்டு இடங்களிலும் மூத்தோரை மதிக்கும் பண்பாடு ஒன்றே. மாறியது வீடு பங்கிட்ட முறை. மனிதரின் குணத்தையன்று, மனிதரை அமைத்து வைக்கும் ஒழுங்கையே முதலில் ஆராய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தேவையில்லை.

1990இன் பின்னர் யப்பானியப் பொருளாதாரம் நீண்ட தேக்கத்தில் வீழ்ந்தது. 1985இல் இயற்றப்பட்ட இடைத்தரகு ஊழியர் சட்டம் 1999இலும் 2004இலும் மேலும் மேலும் தளர்த்தப்பட்டது. நிலையான வேலையின் இடத்தில் ஒப்பந்த வேலை வந்தது. திருமணத்துக்கும் வீட்டுக்கும் வழியில்லாத ஒரு தலைமுறை உருவாயிற்று. வறியோருக்கென 1950ஆம் ஆண்டின் வாழ்க்கைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது. ஆனால் உதவி கேட்டு வருபவரின் உறவினருக்குக் கடிதம் எழுதி, நீங்கள் இவரைப் பேண முடியாதா என்று வினவும் வழக்கமும் இருக்கின்றது. அந்த வெட்கத்துக்கு அஞ்சியே பலர் வாசற்படி ஏறுவதில்லை. 2007இல் கித்தாக்கியூசு நகரில், அரசாங்க உதவி நிறுத்தப்பட்ட 52 வயதான ஒருவர் தம் வீட்டில் இறந்து கிடந்தார். ஒரு சோற்றுருண்டை உண்ணவேண்டும் என்ற ஏக்கத்தை அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். உலகின் செல்வமிகு நாடுகளுள் ஒன்றில் இது நிகழ்ந்தது. 2024இல் தனியே இறந்தோருள் ஏறத்தாழ 18,000 பேர் 65 வயதை எட்டாதவர் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். இன்று அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். முதியோர் உள்ள வீடுகளில் மூன்று தலைமுறை ஒருங்கு வாழ்வன 2023இல் நூற்றுக்கு ஏழாகக் குறைந்துவிட்டன. மூன்றில் ஒரு வீட்டில் முதியவர் தனியே வாழ்கிறார்.

இச்சாவுகளும் சந்தைக்கு வந்துவிட்டன என்பது கசப்பான உண்மை. இறந்தவரின் வீட்டைத் துப்புரவு செய்து பொருள்களை அகற்றுதல் இன்று ஒரு தொழில். குடியிருப்பவர் தனியே இறந்தால் வீட்டுச் சொந்தக்காரருக்கு ஏற்படும் நட்டத்தை ஈடுசெய்யும் காப்புறுதியும் விற்பனைக்கு உண்டு. தனித்த முதியவருக்கு வீடு வாடகைக்குக் கொடுக்க மறுப்போர் பலர். வாழ்ந்தபோது வாங்கும் சக்தியற்றுப்போன மனிதர், இறந்தபின் பிறருக்கு வருமானமாகிறார்.

அவ்வாறாயின் விடிவு எங்கே? நாம் மீண்டும் தொக்கிவாதைராவுக்குச் செல்வோம். 2000ஆம் ஆண்டின் அந்நிகழ்ச்சியும், அதன்பின் ஐம்பது வயதான மற்றொருவரின் சாவும் அங்கு வாழ்ந்தவர்களின் உள்ளத்தை உலுக்கின. அவர்களது குடியிருப்போர் சங்கம் அரசாங்கத்தின் கட்டளைக்குக் காத்திருக்கவில்லை. தனிமைச் சாவு ஒன்றும் நேராதிருக்கச் செய்வதே இலக்கு என அறிவித்து இயக்கம் தொடங்கிற்று. அஞ்சற்பெட்டியிற் பத்திரிகைகள் குவிகின்றனவா, பகலிலும் விளக்கு எரிகின்றதா, திரைச்சீலை நாட்கணக்காக மூடியிருக்கின்றதா என அயலவர் கவனிக்கலாயினர். 2007இல் ஒரு சிறு கூடத்தைத் திறந்தனர். நூறு யென் கொடுத்தால் எவரும் வந்து தேநீர் அருந்தி, விரும்பிய நேரம் வரை பேசியிருக்கலாம். பெருங்காரியம் அன்று, ஆனால் அங்கு வருபவர் ஒருநாள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் உண்டு.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. அயலவர் ஒருவரையொருவர் கவனித்தல் என்பது எப்பொழுதும் நன்மையாகவே இருந்ததில்லை. 1940இல் யப்பானிய இராணுவ ஆட்சி 'தொனாரிகுமி' எனும் அயற்குழுக்களை நாடெங்கும் அமைத்தது. பங்கீட்டு உணவைப் பகிர்ந்த அதே குழு, யுத்தத்தை எதிர்ப்பவர் யார் என்றும் ஒற்றறிந்தது. 1947இல் அவை கலைக்கப்பட்டன. தனியே வாழ விரும்பும் உரிமையும் மக்கள் போராடிப் பெற்ற உரிமையே. கொடுமைக்கார வீட்டைவிட்டு வெளியேறி, தன் சிற்றறையில் நிம்மதியாக வாழும் மூதாட்டியை நாம் பரிதாபத்துக்குரியவளாகக் கருதுவது தவறு. தனியே வாழ்வது ஒன்று. தனியே விடப்படுவது வேறு. முன்னதைக் காத்து, பின்னதை ஒழிப்பதே நாகரிகம்.

மேலும், தன்னார்வலரின் நல்லெண்ணம் மாத்திரம் இதற்குப் போதாது. 1918இல் அரிசி விலையேற்றத்தை எதிர்த்து யப்பானிய மக்கள் கிளர்ந்தெழுந்த அதே ஆண்டில், ஒசாக்காவில் ஏழைகளை வீடுவீடாகச் சென்று விசாரிக்கும் ஊதியமற்ற அலுவலர் முறை தொடங்கியது. இன்றும் அதன் வழிவந்தோர் நாடெங்கும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊதியமின்றியே உழைக்கின்றனர். அவர்களிலும் பலர் முதியவர்கள். 2000இல் முதியோர் பராமரிப்புக் காப்புறுதி வந்தது. பராமரிப்பு மருமகளின் தனிப்பாரம் அன்று, சமுதாயத்தின் பொறுப்பு என அது ஏற்றுக்கொண்டமை பெரும் முன்னேற்றம். ஆயினும் அப்பணிபுரியும் தொழிலாளரின் ஊதியம் குறைவு, ஆட்கள் கிடைப்பதில்லை. 2021இல் தனிமைக்கென ஓர் அமைச்சர் நியமிக்கப்பட்டார். 2023இல் நிறைவேறிய தனிமை ஒழிப்புச் சட்டம் 2024 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. தனிமை என்பது தனியாளின் குறையன்று, சமுதாயம் முழுவதும் தீர்க்க வேண்டிய பிரச்சினை என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொண்டதற்கேற்ற வீடும் ஓய்வூதியமும் ஊதியமும் தரப்படுமா என்பதை அந்நாட்டு உழைக்கும் மக்களின் வலிமையே தீர்மானிக்கும்.

இதனை நாம் இங்கிருந்து படிப்பது வேற்றூர் விந்தையாக அன்று. தெற்காசியாவில் விரைந்து முதுமையடையும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1983இன் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ வீடுகளிலிருந்து பிள்ளைகள் கடல்கடந்து போயினர். போனவர்கள் அறம் கெட்டுப் போகவில்லை. யுத்தத்துக்கு அஞ்சிப் போயினர். பணம் ஒழுங்காக வருகின்றது. வங்கிக் கணக்கு நிரம்புகின்றது. கமக்காரராயும் கடற்றொழிலாளராயும் கூலிகளாயும் உழைத்து ஓய்ந்தவர் பலருக்கோ அப்பணமும் இல்லை, வாழப் போதிய ஓய்வூதியமும் இல்லை. வேலிக்கு அப்பாலிருந்து குரல்கொடுக்கும் அயல் நம்மிடம் இன்னும் இருக்கின்றது. ஆனால் அதனைப் பண்பாடு காக்கும் எனக் கையைக் கட்டியிருந்தால், அதுவும் ஒருநாள் யாரோ ஒருவரின் 'கணக்கிற் காட்டாத சொத்தாகி'ச் செலவழிந்துவிடும்.

அம்மாணவியின் கேள்விக்கு இப்போது நாம் விடை கூறலாம். தொக்கிவாதைராவில் இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தனரா, இல்லையா என்பதன்று வினா. ஒரு மனிதர் இருக்கிறாரா என்பதை மூன்று ஆண்டுகளாக வங்கியைத் தவிர வேறெவரும் அறியவேண்டிய தேவையில்லாதவாறு ஒரு சமுதாயம் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதே வினா. மனிதரால் அமைக்கப்பட்டதை மனிதர் மாற்றியமைக்கலாம். யமகோசி மக்களும் தொக்கிவாதைராவின் அச்சிறு தேநீர்க் கூடமும் நமக்கு உரைப்பது அதுவே.